எஞ்சின் மாற்றிய கொரோலாவுக்கு ஏசி: எதை எஞ்சினோடு வாங்குவது, எதைக் காரிலேயே விடுவது

களுவாஞ்சிகுடியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடையது 1989ஆம் ஆண்டு ஈஈ 90 கொரோலா. கார்பரேட்டர் வைத்த பழைய 2ஈ எஞ்சின் போய்விட, ஏஈ 110 காரில் இருந்து கழற்றிய 5ஏ-எஃப்ஈ எஞ்சினைக் கியர்பொக்ஸோடும் ஈசியூவோடும் (எஞ்சினை நடத்துகிற கம்பியூட்டர்) இறக்கியிருக்கிறார். கார் நன்றாக ஓடுகிறது. ஆனால் பழைய ஏசி கொம்பிரசர் புது எஞ்சினில் உட்காரவில்லை. ஒரு கராஜில் பிரக்கெட் வெல்ட் பண்ணிப் பழையதையே மாட்டித் தருகிறோம் என்கிறார்களாம். இன்னொரு இடத்தில் ஹைபிரிட் காரின் கரண்ட் கொம்பிரசரைப் போட்டால் பெல்ட்டே தேவையில்லை என்கிறார்களாம். எதைக் கேட்பது, வேறு என்னென்ன மாற்றுவது, எந்தக் கேஸ் அடிப்பது?

தம்பி, இரண்டும் வேண்டாம். கொம்பிரசரும் அதன் பிரக்கெட்டும் எஞ்சினுக்குச் சொந்தமான சாமான். டாஷ்போர்ட்டுக்குள் இருக்கிற கூலிங் பெட்டி காருக்குச் சொந்தமானது. எஞ்சின் எந்தக் காரில் இருந்து வந்ததோ அந்தக் காரின் கொம்பிரசரைப் போடுங்கள். உள்ளே உள்ளது உங்கள் கொரோலாவினுடையதாகவே இருக்கட்டும். மிச்சம் இருப்பது இந்த இரண்டையும் சேர்க்கிற வேலைதான்: ஹோஸ், கொண்டென்சர் (கேஸின் சூட்டை வெளியே விடுகிற முன்பக்கச் சாமான்), வயர். காசும் கவனமும் அங்கேதான் போக வேண்டும்.

கரண்ட் கொம்பிரசர் கதையை முதலில் முடித்துவிடுவோம். பிரியஸின் பெரிய பற்றரி 201.6 வோல்ட். அதன் ஏசி கொம்பிரசர் அந்த மின்சாரத்தில் ஓடுவதற்குச் செய்தது. உங்கள் காரில் இருப்பது 12 வோல்ட். 12 வோல்ட்டிலேயே ஓடுகிற கொம்பிரசர்களும் விற்கிறார்கள், ஆனால் கணக்குப் பாருங்கள்: ஒரு கிலோவாட் இழுக்கிற கொம்பிரசருக்கு 12 வோல்ட்டில் 80 ஆம்பியருக்கு மேல் வேண்டும். அந்தக் காலக் கொரோலாவின் அல்டர்நேட்டர் மொத்தமாகவே 60, 70 ஆம்பியர்தான் தரும். அதிலும் ஹெட்லைட், ஃபேன், இக்னிஷன், பெற்றோல் பம்ப் எல்லாம் பங்கு கேட்கும். இரவில் மழையில் வைப்பரும் ஓடினால் கல்லாறு தாண்டுவதற்குள் பற்றரி இறங்கிவிடும். பெல்ட்டில் ஓடும் கொம்பிரசருக்கு எஞ்சினில் இருந்து போவது ஏறத்தாழ மூன்று நான்கு குதிரை வலு. 5ஏ-க்கு அது ஒரு பொருட்டே இல்லை.

வெல்டிங் பிரக்கெட் அப்படி முட்டாள்தனமான யோசனை இல்லை. வேறு வழி இல்லாத வாகனங்களுக்கு அதைத்தான் செய்கிறோம். ஆனால் 5ஏ எஞ்சினுக்குக் கம்பனிப் பிரக்கெட் கிடைக்கும்போது எதற்கு? கொம்பிரசர் சும்மா தொங்குகிற சாமான் இல்லை. புல்லியோடு கொம்பிரசரைச் சேர்க்கிற கிளச் விழுகிற ஒவ்வொரு தடவையும் பிரக்கெட்டை முறுக்கிப் பார்க்கும், எஞ்சினின் அதிர்வு அதற்கு மேல். வெல்டிங் சூட்டில் தகடு ஒரு மில்லிமீற்றர் வளைந்தாலே புல்லி மற்றப் புல்லிகளோடு நேர்கோட்டில் நிற்காது. முதல் வாரம் பெல்ட் கத்தும், இரண்டாம் மாதம் பெல்ட்டின் ஓரம் பிரியும், அதற்குப் பிறகு கொம்பிரசரின் முன் பெயரிங் சத்தம் போடும். கராஜ்காரர் பெல்ட் டூப்ளிகேட் என்பார். பெல்ட்டை மாற்றிக்கொண்டே இருப்பீர்கள்.

ஆகவே 5ஏ எஞ்சினுக்கு உரிய பிரக்கெட், கொம்பிரசர், டென்ஷன் போடுகிற ஐட்லர் புல்லி, நீள போல்ட்கள் இவற்றை ஒரே செட்டாகத் தேடுங்கள். எஞ்சினை ஹாஃப் கட்டாக (வெட்டிய காரின் முன்பாதியோடு) எடுத்தவர்களுக்கு இவை சேர்ந்தே வரும். எஞ்சினை மட்டும் எடுத்தால், கடைக்காரர் கொம்பிரசரைக் கழற்றித் தனியாக விற்கத்தான் பார்ப்பார். எஞ்சின் மாற்றப் போகிறவர்கள் யாராவது இதை வாசித்தால், பேரம் பேசும்போதே ஏசி பிரக்கெட்டோடு என்று பேசிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பிரக்கெட்டுக்காகக் கொழும்பில் பழைய சாமான் விற்கிற பஞ்சிகாவத்தை முழுக்க அலைய வேண்டி வரும். இன்னொன்று, கிராங்க் புல்லியைக் குனிந்து பாருங்கள். ஏசி இல்லாத காரில் இருந்து வந்த எஞ்சினாக இருந்தால் அதில் கொம்பிரசர் பெல்ட்டுக்கான வரியே இருக்காது. அப்போது புல்லியும் தேட வேண்டும். பழைய 2ஈ-யின் புல்லி இதற்குச் சேராது.

பழைய கொம்பிரசர் வாங்கும்போது பார்ப்பது எப்படி? நடுவில் உள்ள கிளச் தகட்டைக் கையால் சுற்றுங்கள். சீராக, கொஞ்சம் கனமாகச் சுற்ற வேண்டும். கரகரவென்றாலும், ஒரு இடத்தில் பிடித்து மறு இடத்தில் விட்டாலும் வேண்டாம். வாய்களில் விரலை வைத்துக்கொண்டு சுற்றினால் ஒன்று இழுக்க வேண்டும், மற்றது தள்ள வேண்டும். பிறகு அதைச் சரித்து உள்ளே இருக்கிற ஓயிலில் ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விடுங்கள். தெளிவாக அல்லது இலேசான மஞ்சளாக இருந்தால் நல்லது. கறுப்பாக இருந்தாலோ வெயிலில் பிடித்தால் வெள்ளித் தூள் மினுங்கினாலோ அந்தக் கொம்பிரசர் உள்ளுக்குள் தன்னைத் தானே அரைத்துக்கொண்டிருக்கிறது. இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள், அந்தத் தூள் உங்கள் கொண்டென்சரையும் கூலிங் பெட்டிக்குள் கேஸை அளந்து விடுகிற எக்ஸ்பென்ஷன் வால்வையும் சேர்த்துக் கொன்றுவிடும். புல்லிக்குப் பின்னால் ஓயில் வட்டமாகத் தெறித்திருந்தால் சாஃப்ட் சீல் (சுற்றுகிற தண்டின் சீல்) போய்விட்டது என்று அர்த்தம். வாய்களில் மூடி இருக்கிறதா என்பதும் முக்கியம். கடையின் இரும்புக் குவியலில் மூடி இல்லாமல் மாதக்கணக்கில் கடற்காற்றுக் குடித்த கொம்பிரசரை வெளியில் எவ்வளவு மினுக்கினாலும் உள்ளே துரு இருக்கும். மீற்றர் கையில் இருந்தால் கிளச் கொயிலின் ஓம்ஸ் பாருங்கள். மூன்றரை, நான்குக்குக் கிட்ட வர வேண்டும்.

இனி உங்களுடைய காரின் உண்மையான சிக்கலுக்கு வருவோம். 1989ஆம் ஆண்டுக் கொரோலாவின் ஏசி ஆர்-12 கேஸுக்காகச் செய்தது. ஏஈ 110 ஆர்-134ஏ காலத்துக் கார். ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் வந்த மொன்றியல் உடன்படிக்கையால் ஆர்-12 உலகம் முழுக்க நிறுத்தப்பட்டது. ஆகவே எதை அடிப்பது என்ற கேள்விக்கே இடமில்லை: ஆர்-134ஏ. பிரச்சினை கேஸில் இல்லை, ஓயிலில்தான். ஆர்-12 காலத்தில் மினரல் ஓயில் பாவித்தார்கள். ஆர்-134ஏ அந்த ஓயிலைத் தன்னோடு கரைத்துச் சுற்றிக் கொண்டுவராது. ஓயில் கூலிங் பெட்டிக்குள் உள்ள கொயிலின் அடியில் போய்த் தேங்கிவிடும், கொம்பிரசர் காய்ந்து ஓடும். 134ஏ-க்கு வேண்டியது பிஏஜி என்கிற செயற்கை ஓயில். உங்கள் கூலிங் பெட்டிக்குள் முப்பது வருட மினரல் ஓயில் இருக்கிறது. புதுக் கொம்பிரசருக்குள் பிஏஜி இருக்கிறது. இரண்டையும் அப்படியே இணைத்துக் கேஸ் அடித்தால் முதல் மாதம் நல்லாகத்தான் குளிரும். அதனால்தான் பலர் இதை நம்புவதில்லை.

கிளவ் பொக்ஸைக் கழற்றினால் அதற்குப் பின்னால் கூலிங் பெட்டி இருக்கும். அதை வெளியே எடுங்கள். கொயிலை ஃபிளஷ் பண்ணுகிற திரவத்தால் கழுவி, காய்ந்த நைட்ரஜனால் ஊதுங்கள். பெற்றோலாலோ தின்னராலோ கழுவக் கூடாது. கராஜில் உள்ள டயர் காற்றால் ஊதவும் கூடாது, அந்தக் காற்று முழுக்க ஈரம். பெட்டியைத் திறந்த கையோடு எக்ஸ்பென்ஷன் வால்வை 134ஏ-க்கு உரிய புதியதாக மாற்றுங்கள். ஓ-ரிங் எல்லாம் மாற்றுங்கள், 134ஏ-க்குப் பச்சை நிறத்தில் வருகிற வகை. போடும்போது கொம்பிரசர் ஓயிலில் ஒரு சொட்டுத் தடவிப் போடுங்கள், கிரீஸ் வேண்டாம். கொயிலின் தகடுகளுக்கு நடுவே இலைச் சருகும் எலிக்கூடும் வரும், ஆச்சரியப்பட வேண்டாம். தண்ணீர் வடிகிற ரப்பர் குழாயை மறந்துவிடாதீர்கள். எங்களுடைய கரைப்பக்க ஈரக்காற்றில் கொயில் மணிக்கணக்கில் தண்ணீர் வடிக்கும்; அந்தக் குழாய் அடைத்திருந்தால் தண்ணீர் முன் சீற் கார்பெட்டுக்குள் போகும், மறுகா தரைத்தகடு உக்கும்.

ட்ரையர் கட்டாயம் புதியது. அதை எல்லா வேலைக்கும் கடைசியாக, வெக்கியூம் போடுவதற்குச் சற்று முன்னர்தான் மூடி திறந்து மாட்ட வேண்டும். அதற்குள் இருப்பது ஈரம் உறிஞ்சுகிற மணிகள். காலையில் திறந்து வைத்துவிட்டுப் பின்னேரம் மாட்டினால் மட்டக்களப்புக் காற்றின் ஈரத்தையே அது குடித்து முடித்திருக்கும். பிஏஜி ஓயிலும் அப்படித்தான். பெரிய தகரத்தில் இருந்து ஊற்றித் தருகிற கடையில் வாங்காதீர்கள், சின்னப் போத்தலாகச் சீல் உடைக்காமல் வாங்குங்கள். ஓயில் அளவு கொம்பிரசரின் லேபிளில் இருக்கும். காய்ந்த புதுக் கொண்டென்சருக்கு ஏறத்தாழ 40 மில்லிலீற்றர், கழுவிய கூலிங் கொயிலுக்கு இன்னொரு 40, ட்ரையருக்கு 10 முதல் 20 என்று டொயோட்டா ஏசிகளில் கணக்கு வைப்போம்.

கொண்டென்சர் பற்றிச் சிக்கனம் பார்க்க வேண்டாம். உங்கள் பழையது ஆர்-12க்குச் செய்தது; 134ஏ அதைவிட அதிக அழுத்தத்தில் ஓடும், வெப்பத்தை வெளியே விட நல்ல கொண்டென்சர் வேண்டும். முன் கிரில்லுக்குள் இருக்கிற இடத்தை நீளம், அகலம், தடிப்பு மூன்றும் அளந்து, பல மெல்லிய குழாய்கள் பக்கம் பக்கமாக ஓடுகிற பரலல் ஃபுளோ வகையில் கொள்ளக்கூடிய பெரியதைப் போடுங்கள். கொண்டென்சருக்கும் ரேடியேற்றருக்கும் நடுவில் ஓரங்களில் விடுபடுகிற இடைவெளியை ஸ்பொஞ்ச் பட்டியால் அடையுங்கள். அடைக்காவிட்டால் ஃபேன் கொண்டென்சருக்கூடாகக் காற்றை இழுக்காது, சுகமான ஓர வழியால் இழுக்கும். கல்முனையில் இருந்து கல்லடி வரை கடலோரமாகவே ஓடுகிற வண்டிகளுக்கு இன்னொன்று: அலுமினியத் தகடுகளில் உப்புப் படிந்து வெள்ளைப் பொடி பூக்கும். மாதத்துக்கு ஒரு தடவை எஞ்சின் ஆறியிருக்கும்போது சாதாரண ஹோஸ் தண்ணீரால் முன்பக்கம் கழுவுங்கள். சேர்விஸ் ஸ்டேஷன் பிரஷர் துப்பாக்கி அந்தத் தகடுகளைப் படுக்க வைத்துவிடும்.

ஹோஸ் விஷயத்தில் உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. உங்களுடைய அதே பொடியில் (காரின் கூட்டில்) 5ஏ எஞ்சினோடு ஜப்பானில் ஏஈ 91 என்று கார் வந்தது. அதன் பைப்புகள் கிடைத்தால் பாதை சரியாக வரும். கொம்பிரசர் தலையில் உள்ள மூட்டு மட்டும் வேறாக இருக்கக் கூடும். கிடைக்காவிட்டால் கொம்பிரசர் பக்கத்து அலுமினிய முனைகளையும் கார் பக்கத்து முனைகளையும் வெட்டியெடுத்து, நடுவில் புது ஹோஸ் வைத்து மெஷினில் நசுக்கித் தரச் சொல்லுங்கள். உட்சுவரில் நைலோன் படை உள்ள 134ஏ ஹோஸ் வேண்டும். ஜுபிலி கிளிப் போட்டு இறுக்குகிற ஹோஸ் ஏசியில் நிற்காது. அளவெடுக்கும்போது ஒரு ஆளை உள்ளே ஏற்றி, பிரேக்கை மிதித்தபடி கியரில் போட்டு எஞ்சினைக் கொஞ்சம் இழுக்கச் சொல்லுங்கள். முன்சில் இழுக்கிற வண்டியில் எஞ்சின் ரப்பர் மவுண்டில் எவ்வளவு ஆடுகிறது என்று அப்போது தெரியும். அந்த ஆட்டத்துக்கு இடம் விட்டு ஹோஸை வளைவாக விட வேண்டும். எக்ஸோஸ்ட் மெனிபோல்ட்டுக்குக் கிட்டப் போகிற இடத்தில் தகட்டு மறைப்புப் போடுங்கள், முக்கியமாக தடித்த திரும்புகுழாய்க்கு. குளிராகத் திரும்பி வருகிற கேஸை மெனிபோல்ட் சூடாக்கினால் உள்ளே குளிர் குறையும்.

வயரிங்தான் எஞ்சின் மாற்றிய கார்களில் ஏசியைக் கெடுக்கிற இடம். பழைய கார்பரேட்டர் எஞ்சினில் ஏசி போட்டதும் ஒரு வெக்கியூம் வால்வ் ஐட்லை (வண்டி நிற்கும்போது எஞ்சின் சுற்றுகிற வேகத்தை) தூக்கிவிடும். கிளச்சை டாஷ்போர்ட்டுக்குள் உள்ள ஆம்ப்ளிஃபயர் போட்டு நிறுத்தும். உங்கள் புது 5ஏ-எஃப்ஈ எஞ்சினில் ஐட்லை ஈசியூ பார்க்கிறது. கிளச்சுக்கு நேராக ஒரு சுவிச்சும் ஒரு வயரும் இழுத்துவிட்டால் ஏசி ஓடும்தான், ஆனால் சுமை ஏறுவது ஈசியூவுக்குத் தெரியாது. சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் நடுங்கும், பவர் ஸ்டியரிங்கைத் திருப்பினால் நின்றும் போகும். அதைச் சரிப்படுத்த த்ரொட்டில் ஸ்குரூவைத் திருகி ஐட்லை நிரந்தரமாக 1000க்கு மேல் ஏற்றி வைப்பார்கள். ஏசி இல்லாத நேரத்தில் பெற்றோல் வீணாகும். முறை என்னவென்றால், ஏசி கேட்கிற சிக்னல் ஈசியூவுக்குப் போக வேண்டும், ஈசியூ அதைப் பார்த்து ஐட்லைத் தூக்கிய பிறகு கிளச் விழ வேண்டும். டொயோட்டா ஈசியூ பலதில் இந்தப் பின்களுக்கு ஏசி1, ஏசிடி என்று பெயர் இருக்கும். உங்களிடம் இருக்கிற ஈசியூவின் பார்ட் நம்பரை வைத்து அதற்குரிய வயரிங் படத்தைப் பாருங்கள். ஒரு பின் 12 வோல்ட்டை எதிர்பார்க்கிறதா, எர்த்தை எதிர்பார்க்கிறதா என்று தெரியாமல் எதையும் தொட வேண்டாம். ஏசி சேர்க்கப்போய் ஈசியூவைப் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

கிளச் வயர் பிரஷர் சுவிச்சின் ஊடாகப் போக வேண்டும். கேஸ் ஏறத்தாழ 28 பிஎஸ்ஐ-க்குக் கீழே இறங்கினாலும் 450 பிஎஸ்ஐ-க்குக் கிட்ட ஏறினாலும் அது கொம்பிரசரை நிறுத்தும். வேலை சுலபத்துக்காக இந்தச் சுவிச்சின் இரண்டு வயரையும் முறுக்கிச் சேர்த்துவிட்டுப் போகிற ஆட்கள் உண்டு. அப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே பிரித்துப் போடுங்கள். கேஸ் போன கொம்பிரசர் ஓயில் இல்லாமல் ஓடி இறுகுவதும், ஃபேன் நின்ற காரில் ஹோஸ் வெடிப்பதும் இதனால்தான். கூலிங் கொயிலில் உள்ள தெர்மிஸ்டரும் வேலை செய்ய வேண்டும். அது கொயில் உறைகிற நேரத்தில் கிளச்சைத் தூக்கும். உள்ளே காற்று ஊதுகிற புளோவருக்கும் கொண்டென்சர் ஃபேனுக்கும் தனித்தனி ரிலேயும் ஃபியூஸும் பற்றரியில் இருந்து நேராக. ஏசி போட்ட உடனே கொண்டென்சர் ஃபேன் சுற்ற வேண்டும். அந்தக் காலத்து டொயோட்டா பலதில் ரேடியேற்றர் ஃபேனின் வோட்டர் சுவிச் சூடானால் திறக்கிற வகை. வயரைக் கழற்றினால் ஃபேன் ஓடும். மற்றக் கார்களின் பழக்கத்தில் அதைத் தலைகீழாக இணைத்துவிட்டு, எஞ்சின் சூடாகிறது, ஏசிதான் காரணம் என்று பழி போடுவார்கள்.

எல்லாம் பூட்டியாயிற்று. இப்போது கேஸ் அடிக்கக் கூடாது. நைட்ரஜன் அடியுங்கள், 200 பிஎஸ்ஐ வரை. ஒட்சிசன் சிலிண்டர் பக்கத்தில் இருக்கிறது என்று அதை அடிக்க யாரையும் விடாதீர்கள். ஒட்சிசனும் ஓயிலும் அழுத்தத்தில் சேர்ந்தால் வெடிக்கும். ஒவ்வொரு மூட்டிலும் சவர்க்கார நுரை தடவிப் பார்த்துவிட்டு, கேஜைக் கழற்றாமல் இரவு முழுக்க விடுங்கள். காலையில் முள் கொஞ்சம் இறங்கியிருந்தால் உடனே பயப்பட வேண்டாம். மத்தியானம் 35 பாகையில் 200 காட்டியது, விடியற்காலை 25 பாகையில் லீக் எதுவும் இல்லாமலேயே 193க்கு வரும்; குளிர்ந்த வாயு சுருங்குகிறது, அவ்வளவுதான். வெயில் ஏறத் திரும்பவும் 200க்கு வந்தால் சுகம். 180, 170 என்று கிடந்தால் லீக் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் அடிக்கிற கேஸ் காற்றுக்குப் போகும். வருடா வருடம் கேஸ் அடிக்க வேண்டும் என்பது சும்மா பேச்சு. அது மூடிய சுற்று. கேஸ் குறைந்தால் ஓட்டை இருக்கிறது.

பிறகு வெக்கியூம். இது ஈரத்தைக் கொதிக்க வைத்து வெளியே இழுக்கிற வேலை. நாங்கள் கடல் மட்டத்தில் இருக்கிறோம், கேஜ் பாதரச அளவில் 29 அங்குலத்தைத் தாண்ட வேண்டும். (நுவரெலியாவில் இதே பம்ப் 24க்கு மேல் காட்டாது, அங்கே காற்றழுத்தமே அவ்வளவுதான்.) 28க்கும் 29க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு: 30 பாகைச் சூட்டில் தண்ணீர் கொதிக்க ஏறத்தாழ 28.7 அங்குலம் வேண்டும். 28இல் நின்றால் மூன்று மணித்தியாலம் ஓட விட்டாலும் உள்ளே உள்ள ஈரம் ஈரமாகவே இருக்கும். பழைய ஃபிரிட்ஜ் கொம்பிரசரை வெக்கியூம் பம்பாகப் பாவிக்கிற கடைகளில் இதைத்தான் கவனிக்க வேண்டும். நல்ல பம்பில் முக்கால் மணி நேரம் ஓட விட்டு, வால்வை மூடி அரை மணி நேரம் முள் அசையாமல் நிற்கிறதா பாருங்கள். ஈரம் மிஞ்சினால் எப்படித் தெரியும்? ஏசி பத்துப் பதினைந்து நிமிடம் அருமையாகக் குளிரும், பிறகு வெறும் காற்று வரும், நிறுத்தி வைத்துப் போட்டால் திரும்பக் குளிரும். எக்ஸ்பென்ஷன் வால்வின் துளையில் ஐஸ் கட்டி உருகுகிற விளையாட்டு அது.

கேஸ் வாங்குகிற இடத்தில் கண்ணைத் திறந்து வைத்திருங்கள். 134ஏ என்று ஒட்டிய சிலிண்டர்களில் வேறு கேஸ் கலந்து வருவது உலகம் முழுக்க நடக்கிறது. அதில் மோசமானது ஆர்-40. அலுமினியத்தோடு தாக்கம் புரிந்து, காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்கிற பொருளை உண்டாக்கும். 2011இல் குளிரூட்டிய கப்பல் கொள்கலன்கள் சில இப்படி வெடித்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். வீட்டுச் சமையல் கேஸை அடித்துத் தருகிறவர்களும் இருக்கிறார்கள். குளிரும், ஆனால் கொயில் ஓட்டையானால் அது உங்கள் பிள்ளைகள் இருக்கிற பெட்டிக்குள்தான் நிரம்பும். ஒரு சின்னப் பரிசோதனை: சிலிண்டரை நிழலில் சில மணி நேரம் வைத்துவிட்டு, தெர்மொமீற்றரும் கேஜும் வைத்துப் பாருங்கள். 30 பாகையில் சுத்தமான 134ஏ 97 பிஎஸ்ஐ-க்குக் கிட்டக் காட்ட வேண்டும். 35 பாகையில் 114. இதில் இருந்து ஐந்தாறுக்கு மேல் விலகினால் அந்தச் சிலிண்டர் வேண்டாம். திட்டமிட்டுக் கலந்த கேஸ் இந்தச் சோதனையையும் ஏமாற்றலாம், அதனால் கேஸ் பரிசோதிக்கிற மெஷின் உள்ள கடை கிடைத்தால் அங்கே போவது மேல்.

எவ்வளவு அடிப்பது? உங்களுடையது கலப்புக் கார், எந்த ஸ்டிக்கரிலும் அளவு இருக்காது. இந்த அளவுக் கார்களுக்கு 500 முதல் 700 கிராம் வரை போகும். தராசில் வைத்து 450 கிராம் அடித்துவிட்டுப் பிறகு ஐம்பது ஐம்பதாக ஏற்றுங்கள். ட்ரையர் தலையில் உள்ள சின்னக் கண்ணாடியில் நுரை பார்த்து அடிக்கிறது ஆர்-12 காலத்துப் பழக்கம்; பரலல் ஃபுளோ கொண்டென்சரோடு 134ஏ-யை அப்படி அடித்தால் அதிகமாகிவிடும். கதவுகளைத் திறந்து, புளோவர் முழு வேகம், எஞ்சின் 1500 சுற்று, வெளியே 35 பாகை: சின்னப் பக்கம் (அழுத்தம் குறைந்தது) 25 முதல் 40, பெரிய பக்கம் (அழுத்தம் கூடியது) 200 முதல் 250 பிஎஸ்ஐ வந்தால் நிறுத்துங்கள். இரண்டும் உயர்ந்தால் கேஸ் கூட, அல்லது கொண்டென்சருக்குக் காற்றுப் போதாது. தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், சட்டென்று இறங்கினால் ஃபேன்தான் குற்றவாளி. சின்னப் பக்கம் உயர்ந்து பெரிய பக்கம் ஏறாவிட்டால் கொம்பிரசருக்கு வயது போய்விட்டது.

சோதனையை மார்கழி மழையில் செய்துவிட்டுச் சந்தோஷப்பட வேண்டாம். கச்சான் வீசுகிற ஆடி மாதத்து மத்தியானம், கல்முனைக் கடைத்தெரு நெரிசலில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். முடிந்தால் பிபிலை தாண்டி லுணுகலை, பசறை ஏற்றத்தில் இரண்டாம் கியரில் ஒரு தடவை. அங்கே எஞ்சின் சூட்டு முள் ஏறாவிட்டால் உங்கள் ரேடியேற்றரும் ஃபேனும் புது எஞ்சினுக்கும் கொண்டென்சருக்கும் போதும். ஏறினால் முதலில் ரேடியேற்றரைப் பாருங்கள், 2ஈ-யின் மெல்லிய ரேடியேற்றரை 5ஏ-க்கு விட்டுவைத்திருந்தால் அதுதான்.

வேறு வண்டிக்காரர்களுக்கு இரண்டு வரி. மொரிஸ் மைனரில் நிஸான் ஏ எஞ்சின் போட்டவர்கள், ஜீப்பில் இசுசு 4ஜேபி1 போட்டவர்கள் எல்லாருக்கும் முதல் வேலை அந்த எஞ்சினின் கம்பனிப் பிரக்கெட்டைத் தேடுவதுதான். கிடைக்காவிட்டால்தான் வெல்டிங்: எஞ்சின் புளொக்கில் குறைந்தது மூன்று போல்ட் பிடிப்பு, தடித்த தகடு, மூலைக்கு முக்கோணத் தாங்கி, வெல்ட் ஆறிய பிறகு கொம்பிரசர் உட்காருகிற முகத்தை மெஷினில் சீவ வேண்டும். கொம்பிரசரை ஒருநாளும் சசியில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) பூட்டாதீர்கள். எஞ்சின் ஆடும், சசி ஆடாது, பெல்ட் பறக்கும். 1200 சிசி-க்குக் கீழ்ப்பட்ட எஞ்சினுக்குச் சாண்டன் கம்பனியின் 5எச்14 கொம்பிரசர் (138 சிசி) கூடிய சுமை, அதே கம்பனியின் 87 சிசி 5எச்09 போதும். டீசல் எஞ்சின்களில் ஐட்ல் தூக்கப் பம்ப் லீவருக்கு வெக்கியூம் டயஃப்ரம் ஒன்று வேண்டும்.

எஞ்சின் நம்பர் மாறியதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. பதியாமல் இருந்தால் ஏசிக்குச் செலவழிக்க முன் அதை முடியுங்கள். இன்சூரன்ஸ் கேட்கிற நாளில்தான் அது கழுத்தைப் பிடிக்கும்.

ஓடத் தொடங்கி ஒரு மாதத்தில் பிரக்கெட் போல்ட்களை இன்னொரு தடவை இறுக்குங்கள், புது பெல்ட் தளர்ந்திருக்கும், அதையும் பாருங்கள். மழைக் காலத்திலும் வாரத்துக்கு ஒரு நாள் பத்து நிமிடம் ஏசியைப் போடுங்கள், சாஃப்ட் சீல் காயாமல் இருக்க. பொனட்டுக்கு அடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள்: கேஸ் ஆர்-134ஏ, இத்தனை கிராம், பிஏஜி ஓயில், கொம்பிரசர் ஏஈ 110, எக்ஸ்பென்ஷன் வால்வ் மாற்றியது இன்ன மாதம். உங்கள் பொடியைப் பார்க்கிற அடுத்த ஏசிக்காரர் இது ஆர்-12 கார் என்று நினைத்துத்தான் மினரல் ஓயில் போத்தலை எடுப்பார்.